வீட்டுக்கு ஒரு கேஸ்

கோவில்பட்டியைச் சுத்தி ஸ்டேஷனும் கோர்ட்டும் கொஞ்சமா நஞ்சமா? இந்தக் கதை எந்த ஸ்டேஷன்ல, எந்தக் கோர்ட்டுல நடந்ததுன்னு மட்டும் கேக்காதிய. சொன்னா அடுத்த மாசம் என் பேருல ஒரு கேஸ் இருக்கும். இடைசெவலுக்குக் கிழக்கே கரிசக்காட்டு நடுவுல ஒரு ஊரு. அவ்வளவு தெரிஞ்சாப் போதும்.

அந்த ஊருல ஒரு ஏற்பாடு உண்டு. காளியம்மன் கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி பிரிப்பாவல்லா, அதே மாதிரி வருஷத்துக்கு ஒருக்க வீட்டுக்கு ஒரு கேஸ் ஸ்டேஷனுக்குக் குடுத்துரணும். மாசாமாசம் இத்தனை சில்லறைக் கேஸ் பிடிச்சாகணும்னு ஸ்டேஷனுக்கு மேலிடத்து உத்தரவு. ஊருல அத்தனை குத்தம் நடக்கணுமே? உளுந்தையும் பாசியையும் விதைச்சுப்போட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவனுக்குக் குத்தம் செய்ய ஏது நேரம்? அதனால முறை வச்சுட்டாவ. வெள்ளாமை பாக்க சம்சாரிகள் கேஸ் குடுக்கணும், கடைக்காரங்க சாட்சி குடுக்கணும். முறை வந்தவன் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போவான். "குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா?"ம்பாவ. "ஆமாங்கய்யா"ன்னு தலையைக் குனியணும். அபராதத்தை ஸ்டேஷன்காரவளே கட்டிருவாவ. மத்தியானம் எல்லாருக்கும் பரோட்டா, சால்னா. பிறகு பஸ் ஏறி வந்து மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டியதுதான்.

ஒழுங்காக் கேஸ் குடுத்த வீட்டுல ஆடு களவு போச்சுன்னா ஸ்டேஷன்ல நாற்காலி போட்டு மனு வாங்குவாவ. குடுக்காத வீட்டுக்காரன் போனான்னா, "நீ ஆடு வச்சிருந்ததுக்கு என்னய்யா அத்தாட்சி?"ம்பாவ. யாருக்கு வேணும் இந்த வம்பு? எல்லாரும் குடுத்தாவ.

ஏழு வருஷத்துக்கு முந்தி, ஒரு செப்டம்பர் மாசக் கடைசியில, வன்னியபெருமாளுக்கு முறை வந்துச்சு.

வன்னியபெருமாள் எட்டு ஏக்கர் மானாவாரிக்காரர். மழை விழுததுக்கு முன்னால புழுதியில விதைச்சுட்டுக் காத்துக்கிடக்க சாதி. வாயில ஒரு கெட்ட வார்த்தை வராது. உழவு மாட்டைக்கூட "வாங்கய்யா, திரும்புங்கய்யா"ம்பாரு. மாடு திரும்பாது. "அவரு கெஞ்சுததுக்கு அது வெக்கப்பட்டாவது திரும்பக்கூடாதா"ன்னு ஊரே சிரிக்கும். சாராயம், பிராந்தி எதையும் மோந்துகூடப் பாத்ததில்ல. பாலம்மாளைப் பொண்ணு கேட்டுப் போனப்ப அவ அப்பா நிலம் நீச்சு எதையும் விசாரிக்கல. "குடிப்பீயளா?"ன்னு ஒத்தக் கேள்விதான் கேட்டாரு. மூத்த மக வாழ்க்கை குடிகாரன்கிட்ட நாசமாப் போயிருந்துச்சு அவருக்கு. "குடிக்கமாட்டேன்"னு இவரு சொன்னாரு. அந்த ஒத்த வார்த்தைக்குத்தான் பொண்ணைக் குடுத்தாவ.

ஏட்டு சண்முகராஜ் பைக்குல வந்து எறங்குனாரு. "அண்ணாச்சி, இந்த மாசம் முப்பது வேணும், இருபத்தொம்பதுதான் தேறியிருக்கு. உங்க வீட்டு முறையை முடிச்சிருவோமா?"

"என்ன கேஸ் ஏட்டையா?"

"பீடி. பொது இடத்துல பீடி குடிச்ச கேஸ். பச்சைப்புள்ள கேஸ் அண்ணாச்சி."

வன்னியபெருமாள் பீடியும் குடிக்கமாட்டாரு. ஆனாலும் ஊரோட ஒத்துப்போகணும்லா? சரின்னு தலையாட்டுனாரு.

மறுநா கோர்ட்டுல முப்பது பேரும் வரிசையா நின்னாவ. பேரைக் கூப்பிடக் கூப்பிட, ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா. கிளார்க் தலையைத் தூக்காம எழுதிக்கிட்டே போனாரு. முப்பதாவதா இவரு. மேஜிஸ்திரேட் வாசிச்சாரு: "மேற்படி எதிரி மது அருந்திய நிலையில், பேருந்து நிறுத்தத்தில், போவோர் வருவோரைக் காது கொடுத்துக் கேட்கமுடியாத அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, பொதுமக்களுக்கு இடையூறு விளைவித்ததாக... ஒத்துக்கொள்கிறாயா?"

நடந்தது இதுதான்: பீடிக் கேஸ் அந்த மாசம் நெறைஞ்சு வழிஞ்சுட்டு. குடிக் கேஸ்ல ஒண்ணு குறைஞ்சிருந்துச்சு. ஸ்டேஷன்ல இவரை அங்கன தள்ளிவிட்டாவ. முப்பது பேருல வேற எவனா இருந்தாலும் கேட்டிருக்கக்கூட மாட்டான். இவரு கேட்டுட்டாரு. எதை வாசிச்சாலும் காது கொடுத்துக் கேக்குத புத்தி இவருக்கு. மாமனார் மொகம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

"இல்லங்கய்யா"ன்னாரு.

கிளார்க் அதுக்குள்ள "ஆம்"னு எழுதி முடிச்சிருந்தாரு. பேனாவைக் கையில பிடிச்சபடி தலையைத் தூக்கிப் பாத்தாரு. மேஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாரு. "என்னய்யா சொன்னே?"

"நான் குடிக்கலைங்கய்யா. அப்படிப் பேசவும் இல்லைங்கய்யா."

"அப்போ எதுக்கு வந்தே?"

"ஏட்டையா கூப்பிட்டாவ. வந்தேன்."

"குற்றம் செய்யாதவனுக்குக் கோர்ட்டில் என்ன வேலை?"ன்னு கேட்டாரு மேஜிஸ்திரேட். கோவமாக் கேக்கல, நெசமாவே புரியாமத்தான் கேட்டாரு. பிறகு ஜாமீனுக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரச்சொல்லி வாய்தா போட்டாரு. குத்தவாளிக இருபத்தொம்பது பேரும் பரோட்டா திங்கப் போயிட்டாவ. செய்யாதவரு வராண்டாவுல உக்காந்திருந்தாரு.

சண்முகராஜ் வந்து பக்கத்துல உக்காந்தாரு. கண்ணுல தண்ணியில்லாத குறைதான். "இருபத்தேழு வருஷ சர்வீஸ் அண்ணாச்சி. நான் கூட்டிட்டு வந்த ஒருத்தன்கூட 'இல்ல'ன்னு சொன்னதில்ல. அம்புட்டு நம்பிக்கையான ஆளுகளாப் பாத்துத்தான் கூட்டிட்டு வருவேன். உண்மையைச் சொல்லி என் மொகத்துல கரியப் பூசிட்டியளே."

"பீடின்னுதான சொன்னிய?"

"பீடியும் நீங்க குடிக்கலைலா? அதை ஒத்துக்க வந்தவருக்கு இதை ஒத்துக்க என்ன வலிக்குது?"

வன்னியபெருமாள் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு. நெசத்தைச் சொல்லணும்னா, ஏட்டையா கேட்டது ஞாயமான கேள்விதான்.

வக்கீல் பிடிக்கணும்னாவ. கிருஷ்ணராஜ்னு ஒருத்தர், வாயாடி, நல்ல பேருள்ளவரு. எல்லாத்தையும் கேட்டுட்டுத் தலையில கைவச்சுக்கிட்டாரு. "அண்ணாச்சி, கொலை பண்ணிட்டு வாங்க, வெளிய கொண்டாந்துருதேன். செஞ்சவனுக்கு நூறு பாயிண்ட் இருக்கு. போதையில இருந்தான், ஆத்திரத்துல இருந்தான், பிள்ளைகுட்டிக்காரன்னு அடுக்கிக்கிட்டே போகலாம். ஒண்ணும் செய்யாதவனுக்கு நான் என்னத்தச் சொல்ல? 'செய்யல'ங்கறதை எத்தனை மணி நேரம் வாதாட முடியும்? மூச்சுவிட்டா முடிஞ்சிபோகும்."

"உள்ளதைச் சொன்னாப் போதாதா?"

"உள்ளதைச் சொல்ல நீங்க இருக்கீயளே. நான் எதுக்கு?"

அன்னைக்குப் பிடிச்ச சனியன். வாய்தாவுக்கு மேல வாய்தா. ஒரு வாய்தாவுக்கு மேஜிஸ்திரேட் லீவு, மறு வாய்தாவுக்கு ஏட்டு பந்தோபஸ்து, அதுக்கடுத்து வக்கீல்கள் புறக்கணிப்பு, நடுவுல கொரோனா. ஏழு வருஷத்துல நாலு மேஜிஸ்திரேட் மாறுனாவ. புதுசா வந்த ஒவ்வொருத்தரும் முதல்ல கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "இதை ஏன்யா அன்னைக்கே ஒத்துக்கிடல?"

சாட்சி யாருன்னு பாத்தா, பஸ் ஸ்டாப்புல பிஸ்கட் கடை வச்சிருக்க பாரூக். பாரூக்கும் இவரும் நல்ல பழக்கம். கடைக்குப் போயி, "என்ன பாரூக், நான் குடிச்சு நீ எப்பம்பா பாத்தே?"ன்னாரு.

பாரூக் பதறிப்போயிட்டாரு. "அல்லா! உங்க கேஸா அது? சத்தியமாத் தெரியாது அண்ணாச்சி. நீங்க உங்க முறைக்குக் கேஸ் குடுத்தமாதிரி நான் என் முறைக்குச் சாட்சி குடுத்தேன். வெத்துப் பேப்பர்ல கையெழுத்து. எந்தக் கேஸ்ல சேத்தாவன்னு நான் பாக்குததில்ல. பாத்தா மனசுக்குக் கஷ்டமாப் போகும்லா?"

கூண்டுல ஏறுனப்ப பாரூக், "அன்னைக்கு நான் ஊருலயே இல்லைங்க, கடம்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்"னு உள்ளதைச் சொல்லிட்டாரு. சொன்ன மறு வாரமே, பிஸ்கட் கடை ரோட்டை ஆக்கிரமிச்சிருக்குன்னு அவரு பேருல ஒரு கேஸ். அவரு கடைக்காரரு, கேஸ் குடுக்க வேண்டியவரே இல்ல, அவரு முறை சாட்சிதான். அந்த ஒழுங்கெல்லாம் ஸ்டேஷன்ல யாரும் பாக்கல. பாரூக் அஞ்சு நிமிஷத்துல "ஆமாங்கய்யா"ன்னு சொல்லி முடிச்சுட்டு வந்துட்டாரு. கெட்டிக்காரரு.

பிறகு பிராந்தி பாட்டில். எதிரிகிட்ட இருந்து கைப்பத்துன முக்கால் பாட்டில் பிராந்தின்னு எழுதியிருந்துச்சு. கோர்ட்டுல கொண்டாந்து வச்சா, அரக்குச் சீல் உடையாம இருக்கு, உள்ள சொட்டு இல்ல. மூணாவது மேஜிஸ்திரேட் கொஞ்சம் கறாரு. "எங்கேய்யா சரக்கு?"ன்னாரு. "ஆவியாயிட்டுங்கய்யா"ன்னு சொன்னாரு பொருள்காப்பு அறைக்காரர். சீல் வச்ச பாட்டில் எப்படி ஆவியாகும்னு விளக்கம் கேட்டு எழுதுனாவ. எட்டு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு: கரிசல் பகுதியின் கடுமையான வெப்பத்தைக் கருத்தில் கொள்ளும்போது, சீலிடப்பட்ட திரவம் ஆவியாவதற்கான வாய்ப்பை முற்றிலுமாக மறுப்பதற்கில்லை. மேஜிஸ்திரேட் திருப்தியாயிட்டாரு. ஆவியான பிராந்திக்கு அத்தாட்சி கெடைச்சிட்டு, குடிக்காத மனுசனுக்குத்தான் அத்தாட்சி கெடைக்கல.

எளவு, இந்த வாய்தா எல்லாம் சொல்லிவச்சமாதிரி புரட்டாசியிலயே வந்து விழும். புழுதி விதைப்புக்கு ஆளும் மாடும் காட்டுல நிக்கும், இவரு வராண்டாவுல நிப்பாரு. மழை விழுந்தபிறகு கரிசல்ல கால வைக்க முடியுமா? ஒட்டிப் பிடிச்சுக்கிடும். மூணு வருஷம் பருவம் தப்பிப்போச்சு. அரைக்காடு தரிசாக் கெடந்துச்சு.

ஊரு கூட நின்னுச்சான்னு கேப்பிய. நல்லா நின்னுச்சு. இவரு முறையைக் கெடுத்ததுல ஸ்டேஷனுக்குக் கோவம், அடுத்த வருஷத்துல இருந்து வீட்டுக்கு ரெண்டு கேஸுன்னுட்டாவ. "பெரிய அரிச்சந்திரன்! இவரு உண்மை பேச, நாங்க ரெண்டு குத்தம் செய்யணுமாக்கும்"னு குழாயடியில பாலம்மாளுக்குக் கேக்கும்படியே பேசுனாவ. பாலம்மாள் குடத்தை நிரப்பிக்கிட்டு வருவா. புருசனை ஒரு வார்த்தை சொன்னதில்ல. "சொன்ன சொல்லு சொன்னதுதான். நீங்க வாய்தாவுக்குப் போயிட்டு வாங்க"ன்னு சோத்துப்போணியைக் கையில குடுத்து அனுப்புவா.

இப்படியே போயிருந்தா வன்னியபெருமாள் சாகுத வரைக்கும் நிரபராதியா வராண்டாவுலயே உக்காந்திருப்பாரு. மக கற்பகத்துக்கு வேலை வந்துச்சே, அங்கதான் மாட்டுனாரு.

கேஸ் போட்டப்ப கற்பகம் ஒம்பதாம் கிளாஸ். இப்ப டிகிரி முடிச்சு, டைப்பிங் ரெண்டு பாஷையிலயும் பாஸ் பண்ணி, பரீச்சை எழுதி, வேற ஜில்லாவுல ஒரு கோர்ட்டுல டைப்பிஸ்ட் வேலைக்குத் தேர்வாகியிருந்தா. தெருவுலயே முதல் சர்க்கார் உத்தியோகம். வெள்ளிக்கிழமைக்குள்ள போலீஸ் நன்னடத்தைச் சான்று கொண்டாந்து குடுக்கணும், இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்னு கடுதாசி.

செவ்வாய்க்கிழமை தகப்பனும் மகளும் ஸ்டேஷனுக்குப் போனாவ. இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன், உக்காரச் சொன்னாரு. படிவத்தைத் திருப்பிக் காட்டுனாரு.

"பாருங்க, 'குடும்பத்தார் மீது வழக்கு'ன்னு போட்டு ரெண்டே கட்டம்தான் இருக்கு. ஒண்ணு 'முடிந்தது', இன்னொண்ணு 'நிலுவையில் உள்ளது'. உங்களுது நிலுவை. நான் கையெழுத்துப் போடமுடியாது."

"அய்யா, நான் குத்தம் செய்யலைங்கய்யா."

"அதான் சிக்கலே! செஞ்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். உங்க ஊருல இருபத்தொம்பது குத்தவாளி இருக்காவ, அவிய பிள்ளைகளுக்கெல்லாம் நானே சான்று குடுத்திருக்கேன். குத்தவாளி தண்டனை வாங்கிட்டான், திருந்திட்டான், சட்டம் அவனை நம்புது. நிரபராதி எப்பத் திருந்துவான்னு சட்டத்துக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க."

வெளிய வந்ததும் கற்பகம், "அப்பா, இந்த வேலை இல்லைன்னா வேற பாத்துக்கிடுதேன். நீங்க ஒண்ணும் ஒத்துக்கிட வேண்டாம்"னா. மூணு வருஷம் கண்ணு முழிச்சுப் படிச்ச பிள்ளை.

வன்னியபெருமாள் அன்னைக்கு முழுக்கத் தரிசாக் கெடந்த காட்டு வரப்புல நடந்தாரு. ஏழு வருஷமாக் காடு போச்சு, ஊரு போச்சு, எல்லாத்துக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாச்சு. இப்ப பிள்ளை பிழைப்பும் போகணுமா? ஒரு "ஆமாங்கய்யா". தலையைக் குனிஞ்சா முடிஞ்சுது. மாமனாருக்குக் குடுத்த வார்த்தையை மகளுக்காக முறிச்சா அந்த மனுசன் கோவிக்கமாட்டாருன்னு மனசுக்குள்ள சமாதானம் சொல்லிக்கிட்டாரு.

வியாழக்கிழமை வாய்தா இல்லாமலே வக்கீலைப் பிடிச்சு மனு போட்டுக் கோர்ட்டுல ஏறுனாரு. இப்ப இருக்கது நாலாவது மேஜிஸ்திரேட். இளவயசு, நேர்மையான ஆளுன்னு பேரு. வன்னியபெருமாள் கும்பிட்டாரு. "அய்யா, அந்தக் குத்தத்தை நான் செஞ்சேங்கய்யா. குடிச்சேன், பேசுனேன். ஒத்துக்கிடுதேன்."

மேஜிஸ்திரேட் சிரிச்சாரு. "பெரியவரே, நான் உங்கள் வழக்குக் கட்டை முழுவதும் வாசித்துவிட்டேன். சாட்சி ஊரிலேயே இல்லை, பாட்டில் காலி. நீங்கள் குற்றமற்றவர் என்று இந்த நீதிமன்றம் உறுதியாக நம்புகிறது."

வன்னியபெருமாளுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ஏழு வருஷத்துல இந்தச் சொல்லை இப்பத்தான் ஒருத்தர் வாயில கேக்காரு. "அப்போ இன்னைக்கே விட்டுருங்கய்யா."

"அதெப்படி? குற்றவாளியைத் தண்டிப்பது எளிது. நிரபராதியை விடுவிப்பது பெரும் பொறுப்பு. அதில் இந்த நீதிமன்றம் அவசரப்படாது. கோடை விடுமுறை முடிந்து, ஜூன் மாதம் விரிவான தீர்ப்பு."

"நாளைக்குச் சான்று குடுக்கணுமய்யா, எம்பிள்ளைக்கு. நான் குத்தவாளிதாங்கய்யா. எழுதிக்கோங்க."

"பொய் வாக்குமூலத்தை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் அப்படிப் பேசக்கூடியவரே அல்ல. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அடுத்த வழக்கு."

டவாலி அடுத்த பேரைக் கூப்பிட வாயைத் தெறந்தான். வன்னியபெருமாள் கூண்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எறங்கமாட்டேன்னு நின்னாரு. ஏட்டு சண்முகராஜ் கையைப் பிடிச்சு இழுத்தாரு. அப்பத்தான் வன்னியபெருமாள் வாயைத் தெறந்தாரு.

என்ன பேசுனாருங்கதை நான் சொல்லமுடியாது. சொல்லக்கூடிய வார்த்தை அதுல ஒண்ணுகூட இல்ல. முதல்ல ஏட்டையா, பிறகு வக்கீலு, கிளார்க்கு, ஆவியாப்போன பிராந்தி, பெஞ்சு, மேசை, செவத்துக் கடியாரம். ஒண்ணை விடல. அப்பன் ஆத்தா, கொள்ளுத்தாத்தா வரைக்கும் இழுத்து வச்சுத் திட்டுனாரு. மூணு வார்த்தைக்கு ஒருக்க ஓய்ஞ்சு மூச்சு வாங்கிக்கிட்டு, "மன்னிச்சுக்கோங்கய்யா"ன்னு கும்பிட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சாரு. சான்று வாங்கத் தகப்பனோட வந்த கற்பகம் வாசப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. அவரு அவளைப் பாத்தாரு. பாத்துட்டும் நிறுத்தல.

முடிஞ்சபிறகு மேஜிஸ்திரேட் மொகம் செவந்துபோச்சு. ஆனா குரல்ல ஒரு நிம்மதி.

"ஏழு ஆண்டுகளாக இந்த வழக்கில் நம்பத்தகுந்த சாட்சி இல்லை. இன்று நானே சாட்சி. எதிரி மது அருந்தாத நிலையிலேயே இவ்வளவு பேசக்கூடியவர் என்பதை நீதிமன்றம் நேரில் கண்டது. எனில் அருந்திய நிலையில் என்னவெல்லாம் பேசியிருப்பார் என்பதை ஊகிப்பதில் சிரமமில்லை. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. அபராதமும், நீதிமன்றம் கலையும் வரை சிறையும்."

அம்புட்டுத்தான். ஏழு வருஷம் இழுத்தது கால் மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு.

கோர்ட் கலையுத வரைக்கும் உள்ள பெஞ்சுல உக்காந்திருக்கணும், அதுதான் சிறை. ஏழு வருஷமா வராண்டாவுல நின்ன மனுசனுக்கு அன்னைக்குத்தான் உள்ள உக்கார எடம் கெடைச்சுது. கிளார்க் வந்து டீ வாங்கிக் குடுத்தாரு. கிருஷ்ணராஜ் கையைப் பிடிச்சுக் குலுக்கி, "இதை முதல்லயே செஞ்சிருந்தா எனக்கும் ஒரு பாயிண்ட் கெடைச்சிருக்கும்லா"ன்னாரு. சண்முகராஜ், திட்டு வாங்குன அதே சண்முகராஜ்தான், மொகமெல்லாம் சிரிப்பா அபராதத்தைக் கட்டிட்டு, ஸ்டேஷனுக்குப் பைக்கை விரட்டி, சாயங்காலத்துக்குள்ள இன்ஸ்பெக்டர் கையெழுத்தோட சான்றைக் கொண்டாந்து கற்பகத்துக் கையில குடுத்தாரு. 'தந்தை குற்றவாளி எனத் தீர்ப்பாகி வழக்கு முடிந்தது. குடும்பத்தின் நன்னடத்தை திருப்திகரமானது.'

ரெண்டு பேரும் பஸ் ஏறுனாவ. கற்பகம் சான்றை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு வந்தா. ரெண்டு பக்கமும் காடு காஞ்சு வெடிச்சுக் கெடந்துச்சு.

"அப்பா."

"என்ன தாயி."

"அந்த வார்த்தையெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வன்னியபெருமாள் துண்டால மொகத்தைத் துடைச்சுக்கிட்டாரு. "ஏழு வருஷம் கோர்ட்டு வராண்டாவுல இருந்தேம்லா தாயி. போலீஸ்காரவ பேசுவாவ, வக்கீலுமாரு பேசுவாவ, வாய்தாக்காரவ பேசுவாவ. காதுல விழுந்ததை எங்க கொண்டுபோயி கொட்ட? உள்ளயே கெடந்திருக்கு."

அவ அழுதா. சத்தம் வராம, சான்று நனையாம தலையைத் திருப்பிக்கிட்டு அழுதா.

"அம்மாகிட்ட என்னப்பா சொல்ல?"

"வேலை கெடைச்சிட்டுன்னு சொல்லு. அது போதும்."

அவரு ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டாரு. எதித்த சீட்டுல உக்காந்திருந்தது அவங்க ஊர்க்காரர்தான். ஏழு வருஷமா மொகத்தைத் தூக்கி வச்சிருந்தவரு, சேதி தெரிஞ்சு, "வாங்க அண்ணாச்சி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாமே"ன்னு வாய் நெறையக் கேட்டாரு. வன்னியபெருமாளால நிமிந்து பாக்க முடியல. இத்தனை வருஷம் குத்தவாளிக் கூண்டுல நிமிந்து நின்ன மனுசனுக்கு இன்னைக்குத்தான் வெக்கமா இருந்துச்சு.